கடற்கரையில் ஃபில்டர் சொதப்பும்போது: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

கடற்கரையில் எடுத்த படம் கெட்டால் பழி முதலில் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் ஃபில்டர் மேல்தான் விழும். சில நேரம் அது நியாயம். பல நேரம் கோளாறு ட்ரைபாடில் இருக்கும், கேமரா நிறங்களைச் சமன் செய்யும் வைட் பேலன்ஸில் இருக்கும், ராத்திரி முழுக்க கேமரா கிடந்த ஏசி அறையில் இருக்கும். அன்றைய வெளிச்சத்துக்கு ஃபில்டரே வேண்டாம் என்பதும் உண்டு.

எது என்று பிரித்துப் பார்க்க ஒரு பழக்கம் போதும். ட்ரைபாடை நட்டு, ஃப்ரேமை முடிவு செய்ததும், எந்த ஃபில்டரும் மாட்டாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். இதை வெறும் படம் என்று வைத்துக்கொள்வோம். கோளாறு வெறும் படத்திலும் தெரிந்தால் ஃபில்டரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஃபில்டர் போட்டதும்தான் தெரிகிறது என்றால் கீழே உள்ளதில் உங்கள் அறிகுறி எது என்று தேடுங்கள்.

இனி வரும் எல்லாவற்றுக்கும் படம் ரா வடிவில், அதாவது கேமரா திருத்தாத மூலக் கோப்பாக, எடுக்கப்படுகிறது என்று வைத்துத்தான் எழுதுகிறேன். ஜேபெக் மட்டும் எடுத்தால் நிறத்தைப் பற்றிச் சொல்வதில் பாதி பயன்படாது.

மேல் வானம் இருண்டுவிட்டது, அடிவானம் மட்டும் வெள்ளையாக வெளிறிப்போகிறது

சென்னையில் கிராட் ஃபில்டர் (ஒரு பாதி இருண்டும் மறுபாதி தெளிந்தும் இருக்கும் கண்ணாடி) வாங்கியவர்களின் முதல் புகார் இது. காரணம் நம் ஊரின் இருப்பு. இங்கே சூரியன் கடலிலிருந்து நேராக எழுகிறது. மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ விடியலில் பார்த்தால் வானத்தின் உச்சி ஏற்கெனவே மங்கலாக இருக்கும். கண்ணைக் கூசவைப்பது கடலும் வானமும் சேரும் கோடுதான். ஆனால் சாதாரண சாஃப்ட் கிராட் மேல் ஓரத்தில்தான் அதிகம் இருண்டிருக்கும், நடுவை நோக்கி வரவரத் தெளியும். அதாவது வெளிச்சம் அதிகமாக உள்ள இடத்தில் ஃபில்டர் மெலிந்துவிடுகிறது, வெளிச்சம் குறைந்த இடத்தில் அழுத்திப் பிடிக்கிறது. மலைக்குப் பின்னால் சூரியன் மறையும் ஊர்களுக்குப் பொருத்தமான கண்ணாடி இது. நம் காலை நேரத்துக்கு அல்ல.

இதற்கென்றே ரிவர்ஸ் கிராட் இருக்கிறது. நடுக்கோட்டில் கருமை உச்சமாக இருந்து மேலே போகப்போகக் குறையும். கடல் விடியல்தான் உங்கள் வேலை என்றால், முதலில் வாங்க வேண்டியது 0.9 அளவு ரிவர்ஸ் கிராட். 0.9 என்றால் மூன்று ஸ்டாப்; ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும். சாஃப்ட் கிராட் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் இதை வேறு வரிசையில் சொல்லக்கூடும்.

ரிவர்ஸ் இல்லை, கருமை ஒரு கோட்டில் சட்டென்று முடியும் ஹார்ட் கிராட் இருக்கிறது என்றால் அதுவும் போதும். கடல் கோடு நேரானது, அதன்மேல் ஹார்ட் கிராடின் விளிம்பு சரியாக உட்காரும். சாஃப்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஹோல்டரில் இன்னும் கீழே தள்ளுங்கள். இருண்ட பகுதி அடிவானத்துக்கு வரும்வரை தள்ளினால் கடலின் தொலைதூரப் பகுதியும் கொஞ்சம் இருளும். அது பெரும்பாலும் உறுத்தாது.

கேமராத் திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். விடிகாலை இருட்டில் திரை இயல்பைவிடப் பிரகாசமாகத் தெரியும். ஹிஸ்டோகிராமின் (இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தையும், வெளிச்சம் மிஞ்சி வெளிறிய இடத்தில் மினுக்கும் எச்சரிக்கையையும் நம்புங்கள். சூரிய வட்டம் மினுக்கினால் விட்டுவிடலாம், அதைச் சுற்றி உள்ள வானம் மினுக்கினால்தான் சிக்கல்.

கலங்கரை விளக்கத்தின் தலை கறுத்துவிட்டது

மெரினா மணலில் நின்று தெற்கே பார்த்து எடுங்கள். கலங்கரை விளக்கம் அடிவானத்தைத் தாண்டி நிமிர்ந்து நிற்கும். ஹார்ட் கிராடின் கோடு அதன் இடுப்பில் விழும். கோபுரத்தில் சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் மாறிமாறி வருவதால் தப்பைப் பிடிப்பது சுலபம். திரையில் பெரிதாக்கி, கீழே உள்ள வெள்ளைப் பட்டையையும் மேலே உள்ள வெள்ளைப் பட்டையையும் ஒப்பிடுங்கள். வெறும் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெள்ளை. ஃபில்டர் போட்ட படத்தில் மேல் பட்டை அழுக்குச் சாம்பல். மேலே உள்ள சிவப்பு, காவியைத் தாண்டிக் கருஞ்சிவப்புக்குப் போயிருக்கும். பெசன்ட் நகர் கடற்கரையின் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்திலும் இதே கதைதான். 1930-இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த டேனிஷ் மாலுமிக்கு எழுப்பிய வெள்ளைக் கட்டடம் அது. வானத்தை அடக்குகிறேன் என்று கிராடை இறக்கினால் கட்டடத்தின் மேல்பாதி மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் போலாகிவிடும்.

சாஃப்ட் கிராடுக்கு மாறினால் கோடு மறையும், ஆனால் கருமை மறையாது, பரவும். 0.9-க்குப் பதில் 0.6 போட்டு, மீதியை ரா கோப்பில் சரிசெய்வது ஒரு வழி. ஹோல்டரில் பொருத்தாமல் கிராடைக் கையில் பிடித்து, எக்ஸ்போஷர் ஓடும்போது, அதாவது ஷட்டர் திறந்திருக்கும்போது, மேலும் கீழுமாக மெதுவாக அசைப்பது இன்னொன்று. ஒரு விநாடிக்கு மேல் நீளும் எக்ஸ்போஷரில் கோடு முழுக்கக் கரைந்துவிடும். விரல் லென்ஸில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் அடிவானத்தைக் கிழித்துக்கொண்டு ஏதாவது நிற்கும் ஃப்ரேமில் கிராடைக் கழற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வானத்துக்கு ஒரு படம், தரைக்கு ஒரு படம், இரண்டும் ட்ரைபாடில் அசையாமல். பிறகு கணினியில் சேருங்கள். கிராடின் நேர்க்கோட்டுக்குக் கோபுரத்தின் வடிவம் தெரியாது. மகாபலிபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் இதையே சொல்வேன், அங்கே இன்னொரு சிக்கலும் சேரும்: தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்குள் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

கிராட் போட்டும் ஒன்றும் மாறவில்லை

பெரும்பாலும் இது லென்ஸின் குவியத் தொலைவு செய்யும் வேலை. வைட் லென்ஸில் கிராடின் முழு உயரமும் ஃப்ரேமுக்குள் அடங்கும். 100 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்தால் ஃபில்டரின் நடுவில் உள்ள சின்னத் துண்டு மட்டும்தான் படத்தில் பங்கெடுக்கும். சாஃப்ட் கிராட் அப்போது படம் முழுவதையும் ஒரே சீராக இருட்டடிக்கும் சாதாரண என்டி (நியூட்ரல் டென்சிட்டி) ஃபில்டராக மாறிவிடும். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸுக்கு ஹார்ட் கிராட்தான். அங்கே அதன் கோடும் தானாகவே மிருதுவாகிவிடும்.

இன்னொரு காரணம் அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை. கோட்டைச் சரியான இடத்தில் வைக்கும்போது கேமரா லென்ஸை முழுக்கத் திறந்து வைத்துக் காட்டுகிறது என்றால் கோடு மங்கலாகத் தெரியும். எஃப் 11 என்ற சின்னத் துளையில் படம் எடுத்ததும் கூர்மையாகி, நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை என்று காட்டும். துளையைச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்டு முன்னோட்டப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபில்டரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். நின்றுபோன ஃபில்டரைவிட நகரும் ஃபில்டரின் கோடு கண்ணுக்குச் சட்டென்று படும்.

வட்டமான திருகு கிராட் வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி இல்லை. கோடு எப்போதும் நட்ட நடுவில்தான் இருக்கும். அடிவானத்தை எல்லாப் படத்திலும் நடுவில் வைக்கச் சம்மதம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் தெரியும் வானம் மேலே உள்ள வானத்தைவிடப் பளிச்சென்று இருக்கிறது

முட்டுக்காடு உப்பங்கழியிலும், அலை இறங்கிய ஈர மணலிலும் இது உடனே காட்டிக்கொடுக்கும். பிரதிபலிப்பு அசலைவிட ஒரு ஸ்டாப்பாவது மங்கலாக இருப்பதுதான் இயற்கை. தலைகீழானால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ போலி என்று தோன்றிவிடும். மூன்று ஸ்டாப் கிராடைக் கழற்றி இரண்டோ ஒன்றோ போடுங்கள்.

மாலையில் மெரினாவில் கடலைப் பார்த்து எடுக்கும்போதும் இதே தப்பு நடக்கிறது. அப்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், ஊர் பக்கம் இருக்கிறது. கிழக்கு வானமும் கடலும் கிட்டத்தட்ட சமமான வெளிச்சத்தில் இருக்கும். வெறும் படத்தின் ஹிஸ்டோகிராம் இரண்டு ஓரத்தையும் தொடாமல் நடுவில் உட்கார்ந்திருந்தால், கிராட் பையிலேயே இருக்கட்டும்.

நிறம் மாறுகிறது

இதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. மருந்தும் வேறு.

முதலாவது, படம் முழுவதும் ஒரே சீராக நீலமோ ஊதாவோ மஞ்சளோ ஏறுவது. ஃபில்டர் எல்லா நிறத்தையும் சமமாகத் தடுக்கவில்லை என்று அர்த்தம். விலை குறைந்த ரெசின் ஃபில்டர்களில் சகஜம், இரண்டை அடுக்கினால் சாயமும் அடுக்கப்படும். ஆட்டோ வைட் பேலன்ஸ் இதைச் சரிசெய்கிறேன் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு விதமாக முயலும். அதை நிறுத்தி 5500 கெல்வின் மாதிரி ஒரு எண்ணில் பூட்டுங்கள். சாயம் போகாது, ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே அளவில் இருக்கும். ஒரு படத்தைத் திருத்தி மற்றவற்றில் நகலெடுத்துவிடலாம். இன்னும் துல்லியம் வேண்டும் என்றால், வெயிலில் ஒரு சாம்பல் அட்டையை ஃபில்டர் வழியாகவே எடுத்து, அதிலிருந்து தனி வைட் பேலன்ஸ் அமைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நோய் தந்திரமானது. வானம், மணல், தோல் எல்லாம் சரியாக இருக்கும். கறுப்பாக இருக்க வேண்டியவை மட்டும் செம்பழுப்பாகத் தெரியும். இது அகச்சிவப்புக் கசிவு. சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று உண்டு, ஆனால் அது முழுக்கத் தடுப்பதில்லை. சாதாரணமாக, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் வெள்ளத்தில் அந்தச் சொற்பக் கசிவு தெரியாது. பத்து ஸ்டாப் என்டி கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக்கிவிட்டு அகச்சிவப்பை மட்டும் தாராளமாக விட்டால் கசிவின் பங்கு திடீரென்று பெரிதாகிவிடும்.

சோதிப்பதற்கு உங்கள் கறுப்பு கேமராப் பையே போதும். செயற்கை இழைத் துணியில் தைத்த பையை நல்ல வெயிலில் வைத்து, ஃபில்டர் இல்லாமல் ஒன்று, ஃபில்டரோடு ஒன்று எடுங்கள். இரண்டாவதில் பை பழுத்த நாவல் நிறத்தில், சிவப்பு ஏறித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் சவுக்குத் தோப்புகளும் நல்ல சாட்சி. இலைகள் அகச்சிவப்பை அதிகமாகத் திருப்பி அனுப்பும், ஆகவே பச்சை வாடிப் பழுப்பாகத் தெரியும்.

இதற்கு வைட் பேலன்ஸ் மருந்தாகாது. கறுப்பைச் சரிசெய்தால் வானம் பச்சையாகும், வானத்தைச் சரிசெய்தால் கறுப்பு சிவக்கும். அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஐஆர் என்டி வகை ஃபில்டர்தான் தீர்வு. அதுவரை, விடிவதற்கு முந்தைய நேரத்தில் பழைய ஃபில்டரை ஓட்டலாம். சூரியன் ஏறிய பிறகுதான் இந்தக் கசிவு மோசமாகும்.

வானத்தில் பெருக்கல் குறி மாதிரி கரிய நிழல்

இது வேரியபிள் என்டியின் வேலை, அதாவது திருகி இருட்டைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர். அதற்குள் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் இரண்டு போலரைஸர்கள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகள்). உச்ச அளவுக்குத் திருகும்போது வைட் லென்ஸின் ஓரங்களில் இருட்டு சமமாக விழாமல் குறுக்கு நிழலாகிவிடும். கொஞ்சம் பின்னால் திருகுங்கள், அல்லது 35 மில்லிமீட்டருக்கு மேல் ஜூம் செய்யுங்கள். வீடியோ எடுப்பவர்களுக்கு இது அருமையான கருவி. பரந்த கடலை வைடில் எடுப்பவருக்கு வேண்டாத தொல்லை. அந்தப் பணத்துக்கு ஆறு ஸ்டாப்பில் ஒரு நல்ல நிலையான என்டி வாங்கிவிடலாம்.

வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருநீலம், மறுபக்கம் வெளிர்நீலம் என்றால் அதுவும் போலரைஸரின் வேலைதான். கழற்றிவிடுங்கள்.

கணக்குப் போட்டேன், ஆனாலும் படம் இருட்டு, அல்லது ஒரே வெள்ளை

முதலில் பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள். ஒரே கண்ணாடிக்கு மூன்று கணக்கு ஓடுகிறது. என்டி 8 என்றாலும் 0.9 என்றாலும் மூன்று ஸ்டாப். என்டி 64 என்றாலும் 1.8 என்றாலும் ஆறு ஸ்டாப். என்டி 1000 என்றாலும் 3.0 என்றாலும் பத்து ஸ்டாப். ஒவ்வொரு 0.3-க்கும் ஒரு ஸ்டாப். 0.9 என்பதை ஒன்பது ஸ்டாப் என்று எடுத்துக்கொண்டால் படத்தில் 64 மடங்கு அதிக வெளிச்சம் விழும். ஒரே வெள்ளைதான் மிஞ்சும்.

வெறும் படத்துக்கு ஷட்டர் 1/60 என்றால், மூன்று ஸ்டாப் போட்டதும் 1/8, ஆறு ஸ்டாப்புக்கு ஒரு விநாடி, பத்து ஸ்டாப்புக்கு 17 விநாடி. இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் மற்றவை இரட்டிப்பதும் பாதியாக்குவதும்தான்.

எண் சரி, கணக்கும் சரி, ஆனாலும் எல்லாப் படமும் ஒரே அளவு இருட்டு என்றால் ஃபில்டர் பெட்டியில் போட்டதைவிட அடர்த்தியாக இருக்கிறது. மேகமில்லாத நண்பகலில் மொட்டை மாடியில் ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள்: வெறும் படம் 1/250, பத்து ஸ்டாப் ஃபில்டரோடு 4 விநாடி. இரண்டு ஹிஸ்டோகிராமும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் 5, 6, 8 விநாடி என்று ஏற்றி, பொருந்தும் இடத்தைக் கண்டுபிடித்து, உண்மையான ஸ்டாப்பை ஃபில்டர் டப்பா மூடியில் மார்க்கரால் எழுதி வையுங்கள். 8 விநாடி வந்தால் அது பதினோரு ஸ்டாப் கண்ணாடி.

சில நேரம் சரியாக வருகிறது, சில நேரம் வரவில்லை என்றால் வெளிச்சம்தான் உங்களைவிட வேகமாக ஓடுகிறது. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. சூரியன் இங்கே சரிந்து ஏறாமல் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும், அதனால் அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் இருந்துகொண்டு சொல்லித்தருபவர்கள், நிதானமாக ஹோல்டரை மாட்டி, கணக்குப் போட்டு, நாலு நிமிடம் திறந்துவைப்பதைப் பார்த்துவிட்டு இங்கே செய்தால், திறக்கும்போது இருந்த வெளிச்சம் மூடும்போது இருக்காது. விடியலில் கணக்கு சொல்வதைவிடக் கொஞ்சம் முன்னதாக மூடுங்கள், மாலையில் கொஞ்சம் தாமதித்து மூடுங்கள். இரண்டு படத்துக்கு ஒருமுறை வெறும் படத்தைப் புதிதாக எடுங்கள். சூரியன் எழும் நேரம் மே கடைசியில் 5.40-ஐ ஒட்டியும் ஜனவரி கடைசியில் 6.35-ஐ ஒட்டியும் இருக்கும். அதற்கு முக்கால் மணி நேரம் முன்பே மணலில் கால் வைத்திருந்தால்தான் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும்.

ஆட்டோ ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வைக் கேமராவே மாற்றுவது) அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபில்டர் போட்டதும் கேமரா பயந்துபோய் ஐஎஸ்ஓவைத் தானே ஏற்றிக்கொள்ளும். படம் சொரசொரப்பாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பல கேமராக்களில் ஷட்டர் 30 விநாடியோடு நின்றுவிடும், அதற்கு மேல், பொத்தானைப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் முறையும் ரிமோட்டும் வேண்டும்.

சூரியன் முட்டை வடிவில் வருகிறது

வானத்தில் சூரிய வட்டத்தின் அகலம் அரை டிகிரி. நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. ஆக, 30 விநாடி திறந்துவைத்தால் தன் அகலத்தில் கால் பங்கு மேலே போயிருக்கும். இரண்டு நிமிடத்தில் ஒரு முழு வட்டமே நகர்ந்திருக்கும். வட்டம் ஃப்ரேமில் இருந்தால் எக்ஸ்போஷரைப் பத்து விநாடிக்குள் நிறுத்துங்கள். நீண்ட எக்ஸ்போஷர்தான் வேண்டும் என்றால் சூரியன் எழுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள், அல்லது மேகத்துக்குப் பின்னால் போகும்வரை காத்திருங்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. பத்து ஸ்டாப் ஃபில்டர் கண்ணுக்குப் பாதுகாப்பு அல்ல. அது மாட்டியிருக்கிறது என்ற தைரியத்தில் டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். சூரியனைப் பார்ப்பதற்கென்றே உள்ள ஃபில்டர்கள் ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைப்பவை. பத்து ஸ்டாப் ஆயிரத்தில் ஒன்றுதான். திரையில் பாருங்கள்.

எல்லாமே மங்கல்

வெறும் படம் கூர்மை, ஃபில்டர் படம் மங்கல் என்றால் பெரிதாக்கி எது மங்கல் என்று பாருங்கள்.

முன்னும் பின்னும் ஒரே மாதிரி மங்கல், கோடுகள் இரட்டிக்கவில்லை: ஃபோகஸ் நகர்ந்திருக்கிறது. ஃபில்டரைத் திருகும்போது ஃபோகஸ் வளையமும் சேர்ந்து திரும்பும். அல்லது ஷட்டரைத் தொட்டதும் ஆட்டோஃபோகஸ் இருட்டில் தேட ஆரம்பித்திருக்கும். ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, பிறகு மாட்டுங்கள். ஜூம் வளையத்தையும் சரிபாருங்கள்.

கோடுகள் ஒரே திசையில் இரட்டிக்கின்றன: ட்ரைபாட். ஈர மணலில் அலை வந்து திரும்பும்போது ஒவ்வொரு முறையும் காலுக்கு அடியில் உள்ள மணலைக் கொஞ்சம் அரித்துக்கொண்டு போகும், கேமரா கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பக்கம் இறங்கும். காலைத் திறந்து நிறுத்தினால் போதாது, மூன்றையும் ஒவ்வொன்றாக அழுத்தி, இனி இறங்காது என்ற அளவுக்குப் புதையுங்கள். கால்களை முழுக்க விரிக்காமல் புதைத்தால் புதைந்த பின் தானாகப் பிதுங்கும், ஆகவே முதலில் விரித்துவிடுங்கள். அலை காலைத் தொட்டதும் அடுத்த எக்ஸ்போஷரைத் தொடங்காமல் தண்ணீர் வடியும்வரை பொறுங்கள். கேமரா பெல்ட்டைக் கழற்றுங்கள், கடற்காற்றில் அது படபடக்கும். ஐஎஸ் அல்லது விஆர் என்று லென்ஸில் இருக்கும் நிலைப்படுத்தியை அணையுங்கள்.

கரை கூர்மை, படகுகள் மட்டும் மங்கல்: அது கோளாறே இல்லை. காசிமேட்டில் நிற்கும் விசைப்படகுகள் கயிற்றில் கட்டியிருந்தாலும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். எந்த ஃபில்டரும் அதை நிறுத்தாது. படகுகளை வெறும் படத்திலிருந்து எடுத்து, தண்ணீரை நீண்ட எக்ஸ்போஷரிலிருந்து எடுத்து இணையுங்கள். மெரினாவில் மனிதர்கள் பாதி ஆவியாகத் தெரிவதும் இப்படித்தான். நடப்பவர்கள் 30 விநாடியில் கரைந்துவிடுவார்கள், நின்று செல்ஃபி எடுப்பவர்கள் பாதியாய் மிஞ்சுவார்கள்.

மூலைமுடுக்கெல்லாம் லேசாக மங்கல்: எஃப் 22-க்கு மூடிவிட்டீர்கள். சின்னத் துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு கூர்மையைத் தின்றுவிடும். எஃப் 8 முதல் 11 வரை போதும், மீதி இருட்டை என்டி பார்த்துக்கொள்ளட்டும்.

கடல் வெறும் புகையாக இருக்கிறது, அலையே இல்லை

பத்து ஸ்டாப் இருக்கிறது என்பதற்காக எப்போதும் போட வேண்டியதில்லை. நம் கரையில் அலை கிட்டவே உடைகிறது. வடசென்னையில் கரையோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களில் மோதித் திரும்பும் நீர் வெள்ளை நூல்களாகத் தெரிய கால் விநாடி முதல் ஒரு விநாடிவரைதான் தேவை; மூன்று ஸ்டாப் போதும். அலை ஏறும்போது அல்ல, இறங்க ஆரம்பிக்கும்போது ஷட்டரை அழுத்துங்கள். கல்லில் நிற்பவர்கள் பாசியைப் பார்த்துக் கால் வையுங்கள்.

படத்தில் ஊதாக் கீற்று, வெளிச்சத் திட்டு, இரண்டாவது சூரியன்

நீண்ட எக்ஸ்போஷரில் மட்டும் வரும் கீற்று, ஒளிக்கசிவு. டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரை மூடுங்கள்; பெல்ட்டில் கோத்திருக்கும் சின்ன ரப்பர் மூடி இதற்குத்தான். மிரர்லெஸில் இந்த வழி கிடையாது, ஆகவே ஹோல்டருக்கும் செவ்வக ஃபில்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சந்தேகியுங்கள். நுரைப் பட்டை ஒட்டிய ஃபில்டரை லென்ஸுக்கு மிக அருகே உள்ள முதல் பள்ளத்தில்தான் செருக வேண்டும், நுரை லென்ஸ் பக்கம் இருக்க வேண்டும். கடற்கரைச் சாலையின் விளக்குகள் முதுகுப் பக்கமிருந்து ஃபில்டரின் பின்புறத்தில் பட்டுத் திரும்புவதும் உண்டு. ஒரு கறுப்புத் துணியை லென்ஸ் மேல் போர்த்தினால் அடங்கிவிடும்.

சூரியனுக்கு எதிர்மூலையில் அதன் சின்ன நகல் தெரிந்தால் கண்ணாடிகளுக்கு இடையே நடக்கும் பிரதிபலிப்பு. லென்ஸைக் காக்க என்று நிரந்தரமாக மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள், பாதிக்கு மேல் போய்விடும். மூலைகள் கறுப்பாக வெட்டுப்படுவதற்கும் பெரும்பாலும் இதே அடுக்குதான் காரணம்.

புள்ளிகள், பனி

அசையாத சிவப்பு, நீலப் புள்ளிகள் சென்சார் சூடானதால் வருபவை. நம் கோடையில் கூடுதலாக வரும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டால் போகும், ஆனால் இரண்டு நிமிடப் படத்துக்கு கேமரா இன்னொரு இரண்டு நிமிடம் பூட்டிக்கொள்ளும். விடியலில் அது கட்டுப்படியாகாது. அணைத்துவிட்டு, எல்லாம் முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு அதே நேரத்துக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்துவந்தால் கணினியில் கழித்துக்கொள்ளலாம்.

மங்கலான வட்டத் திட்டுகள் உப்புத் துளிகள். அவற்றை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். துளி காய்ந்தால் உப்புப் பொடி, கூடவே மணல். ரெசின் ஃபில்டரில் ஒரு தேய்ப்பில் கீறல் விழும். ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

படம் முழுக்கப் பால் படிந்தாற்போல் இருந்து, கால் மணி நேரத்தில் தானாகத் தெளிந்தால், ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்த கண்ணாடியில் கடற்கரைக் காற்றின் ஈரம் படிந்திருக்கிறது. லென்ஸுக்கும் ஃபில்டருக்கும் நடுவே படிந்தால் துடைக்கவும் வழியில்லை. முந்தைய ராத்திரியே பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், மூடிய பையோடே அரை மணி நேரம் பொறுத்துத் திறங்கள். திறந்து பார்த்துப் பார்த்து மூடினால் ஒவ்வொரு முறையும் புது ஈரம் உள்ளே போகும்.

திருகு ஃபில்டர் கழல மாட்டேன் என்கிறது

உப்பும் ஈரமும் திருகுத் தடத்தில் ஏறியதும் அலுமினிய வளையம் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு இரண்டு பக்கம் அழுத்தித் திருகினால் வட்டம் நசுங்கி இன்னும் இறுகும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, விளிம்பு முழுவதையும் எல்லா விரல்களாலும் மென்மையாகப் பிடித்துத் திருகுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சுத்தமான ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தில் ஃபில்டரைக் கவிழ்த்து வைத்து, விளிம்பு மட்டும் பதியும்படி லேசாக அழுத்தி லென்ஸைத் திருப்புங்கள். அழுத்தம் சமமாகப் பரவுவதால் பெரும்பாலும் கழன்றுவிடும். இரண்டு ஃபில்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஒவ்வொன்றையும் ஒரு ரப்பர் பேண்டால் சுற்றிப் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். எண்ணெய் விடாதீர்கள், அது கண்ணாடிக்குள் போய்விடும். அடுத்த முறை மாட்டும்போது கடைசிவரை இறுக்காமல் கால் சுற்று முன்னதாகவே நிறுத்துங்கள். வாங்கும்போது பித்தளை வளையம் கிடைத்தால் அதையே எடுங்கள், இப்படிப் பிடிக்காது.